மழைப் பைத்தியங்கள் வாழ்க!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வகுப்பில் ஐந்தாறு பேருக்கு ஒரு நோய் கண்டுவிடும். மணி அடித்ததும் மற்ற மாணவர்கள் சிற்றுண்டிச் சாலையை நோக்கி ஓடுவார்கள். நாங்கள் மட்டும் ஜன்னலோரம் கூடி, ஒரு கைபேசியின் மேல் ஆறு தலைகளைக் கவிழ்த்துக்கொண்டு நிற்போம். "டேய், மரக்காணத்துக்குக் கிழக்கே ஒரு சிவப்பு கிளம்பிடுச்சு பாரு!" என்பான் ஒருவன். "அது கரைக்கு வராதுடா, காத்து வடக்கே தள்ளுது" என்பான் மற்றொருவன். உடனே வாதம் தொடங்கும். தோற்றவன் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

இதைக் கண்ட பேராசிரியர் ஒருவர் எங்களுக்கு வைத்த பெயர்தான் "மழைப் பைத்தியங்கள்". அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அப்பெயரை நாங்கள் பட்டமாகவே ஏற்றுக்கொண்டோம். இணையத்தில் கிடைக்கும் ராடார் படம், செயற்கைக்கோள் படம், பழைய மழைப் பதிவு, ஆற்று வரைபடம் என்று கண்ணில் பட்ட அதிசயங்களையெல்லாம் ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வதே எங்கள் பொழுதுபோக்கு. கிரிக்கெட் ரசிகர்கள் உண்டு, திரைப்பட ரசிகர்கள் உண்டு. மழைக்கு ரசிகர்கள் இருக்கக் கூடாதா?

"இதனால் என்ன பயன்? பாடத்தில் வருமா? வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பயன் உண்டு என்பது என் கட்சி. அதே வேளையில், பகிர்ந்து மகிழும் இப்பழக்கத்தில் ஒரு பெரும் பொறுப்பும் அடங்கியிருக்கிறது என்பதை நான் ஒரு தவற்றின் வழியாகக் கற்றுக்கொண்டேன். இரண்டையுமே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்து நான்கு மடங்கு

முதலில் மகிழ்ச்சியைச் சொல்கிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் ஒரு டாப்ளர் ராடார் இயங்கி வருகிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் 2022-இல் இன்னொன்று செயற்பாட்டுக்கு வந்தது. துறைமுக ராடார் சுமார் 10 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளை வானில் செலுத்துகிறது. அவை மழைத்துளியில் பட்டுச் சிதறும்போது ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் துளி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் காட்டும். திரும்பி வந்த ஆற்றல் மழை எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும். அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் சிறு மாற்றம் மேகம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதைக் காட்டும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் விண்மீன்களின் ஒளியைப் பற்றிச் சிந்தித்துச் சொன்ன தத்துவம், இன்று தாம்பரம் பேருந்து நிலையத்தில் குடை எடுக்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்கிறது!

இதில் எங்களைக் கூத்தாட வைத்த செய்தி ஒன்று உண்டு. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலிக்கும் ஆற்றலும் இரண்டு மடங்குதானே ஆகும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, அறுபத்து நான்கு மடங்கு! விட்டத்தின் ஆறாம் அடுக்கிற்கேற்ப ஆற்றல் உயர்கிறது. இரண்டின் ஆறாம் அடுக்கு 64 அல்லவா? ஆகவேதான் கனத்த துளிகள் கொண்ட ஒரு சிறு மேகம் ராடார் படத்தில் செக்கச் செவேலென்று தெரிகிறது; நாள் முழுதும் பொழியும் தூறல் வெறும் பச்சையாகத் தெரிகிறது. பாடநூலில் "ராலே சிதறல்" என்று நான் மனப்பாடம் செய்த இரண்டு சொற்கள் அன்றுதான் என் கண்முன் நிறம் பூசிக்கொண்டு நடமாடின. வானம் ஏன் நீலம் என்பதற்கும் ராடாரில் மேகம் ஏன் சிவப்பு என்பதற்கும் விடை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்தபோது ஏற்பட்ட இன்பத்தை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் எனக்குத் தந்ததில்லை.

இன்னொன்று. 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் நீர். இவ்வளவு எளிய கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள். அந்த ஒரே நாளில் ஒவ்வொரு மனையின் மீதும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர் நீர் விழுந்திருக்கிறது. கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பதை ஒரே மனையில் கவிழ்த்துவிட்டதற்குச் சமம்! அது போக வழியில்லையென்றால் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும்.

வந்தது. அந்த வீடுகளுள் ஒன்று எங்கள் வீடு.

முடிச்சூர் கண்ட வெள்ளம்

அப்போது எனக்குப் பத்து வயது. முடிச்சூரில் நவம்பர் மாதமே ஒருமுறை தண்ணீர் புகுந்து வடிந்திருந்தது. நனைந்த பாய்கள் காய்வதற்குள் டிசம்பர் முதல் தேதி வந்தது. நள்ளிரவில் அம்மா என்னைத் தூக்கி எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோனதும், விடிந்தபோது தெருவில் படகு வந்ததும் மட்டும் நினைவில் நிற்கின்றன. படகைப் பார்த்து நான் கைதட்டினேனாம். அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் அதை "அதி கனமழை" என்கிறது வானிலைத் துறை. அந்தத் தலைப்பெல்லைக்கும் மேலே இரண்டு மடங்குக்கு அதிகமாகத் தாம்பரத்தில் பெய்திருக்கிறது. அதே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். தாம்பரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மீனம்பாக்கத்தில் 35 சென்டிமீட்டர். மின்தொடர் வண்டியில் கால் மணிப் பயணத்தில் 14 சென்டிமீட்டர் வேறுபாடு! "சென்னையில் இவ்வளவு மழை" என்று ஒரே எண்ணால் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்நாட்களில்தான் "தமிழ்நாடு வெதர்மேன்" என்ற பெயரில் எழுதிவந்த பிரதீப் ஜானைச் சென்னை மக்கள் பெருமளவில் அறிந்தனர். அவர் வானிலைத் துறையின் ஊழியர் அல்லர். மழையின் மீது கொண்ட ஆர்வத்தால் பழைய மழைக் கணக்குகளைத் தேடித் தேடிச் சேர்த்து, ராடார் படங்களைப் படித்து, தாம் கண்டதைப் பிறரோடு பகிர்ந்து வந்தவர். அவரைப் போன்ற ஆர்வலர் பலர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் கூடி, இன்று எங்கள் ஜன்னலோரத்தில் நடக்கும் இதே வாதத்தை நடத்தி வந்தனர். நாலு பேர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த பேச்சு, வெள்ளம் வந்தபோது நாடு முழுவதும் காது கொடுத்துக் கேட்கும் பேச்சாயிற்று. பயன் கருதி அவர்கள் தொடங்கவில்லை, பிடித்திருந்ததால் தொடங்கினார்கள். பிடித்திருந்ததால்தான் யாரும் கேளாத காலத்திலும் விடாமல் செய்தார்கள். விடாமல் செய்ததால்தான் வேளை வந்தபோது அது பயன்பட்டது. என் கட்சிக்கு இதுவே முதல் சாட்சி.

வரைபடம் சொன்ன செய்தி

இரண்டாவது சாட்சி என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

"செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டான், நாம் முழுகிப் போனோம்" என்பது எங்கள் தெருவில் பத்தாண்டுகளாக வழங்கிவரும் வாக்கியம். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். நானும் அப்படியே நம்பியிருந்தேன். சென்ற ஆண்டு ஒருநாள், வேறு எதையோ தேடப் போய், இணையத்தில் அடையாற்றின் வரைபடம் ஒன்று கண்ணில் பட்டது. விரலால் ஆற்றின் வழியே நடந்து பார்த்தேன். ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்குகிறது. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் எனக் கடந்து வடக்கே போகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வந்து கலக்குமிடமோ திருநீர்மலை அருகே! அங்கிருந்துதான் அது மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குச் செல்கிறது. ஆற்றின் ஓட்டத்தில் முடிச்சூர் மேலே இருக்கிறது. கலக்குமிடம் கீழே இருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது உண்மை. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அதனால் பட்ட பாடும் உண்மை. ஆனால் அந்த நீர் மேட்டை நோக்கி ஏறிவந்து முடிச்சூரை மூழ்கடித்திருக்க முடியாதே! கீழே ஆறு நிரம்பி நின்றதால் மேலே வடிவது தாமதப்பட்டது என்று வேண்டுமானால் வாதிடலாம். எங்களை மூழ்கடித்த நீர், எங்களுக்குத் தெற்கேயும் மேற்கேயும் உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும், எங்கள் தலைமேலேயே பெய்த 49 சென்டிமீட்டரும்தான்.

அன்றிரவு அப்பாவிடம் கைபேசியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அவருக்கு வரைபடம் படித்துப் பழக்கமில்லை. ஆனால் ஆறு தெரியும். "அப்போ ஆதனூர் பக்கம் ஏரி நிரம்புதான்னுதான்டா நாம பாக்கணும்? இத்தனை வருஷமா செம்பரம்பாக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தோமே!" என்றார். என் பாடப் புத்தகங்கள் எதைப் பற்றியும் அப்பா என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் படித்தது எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அன்றுதான் என்று தோன்றியது. தவறான ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பவன், சரியான நேரத்தில் மாடிக்கு ஏறமாட்டான். வேடிக்கையாகக் கண்டெடுத்த ஒரு படம் அந்தத் தவற்றைத் திருத்தியது. இதைவிட என்ன பயன் வேண்டும்?

நம் முன்னோடிகள்

இப்பைத்தியம் நம் தலைமுறையில் தோன்றியதன்று. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் சென்னை வான் ஆய்வுக்கூடம் எழுந்தது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. அக்கட்டடத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டு, இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் அத்துடன் நிறைவடைந்து வீட்டுக்குப் போகவில்லை. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே விளக்கிப் பொதுமக்களுக்காக ஒரு சிறுநூல் எழுதினார். அது இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்தது. கைபேசியில்லாத காலத்தில், "இதைப் பாருங்கள், எவ்வளவு அழகு!" என்று ஊரைக் கூட்டிச் சொன்ன அந்த மனிதரை எங்கள் கூட்டத்தின் மூத்த உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை.

அண்மைக்கால உறுப்பினர் ஒருவரும் உண்டு. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதித் தொடர்பிழந்தது. அப்பகுதியின் படத்தை நாசா செப்டம்பர் 26 அன்று வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் தேடலாம் என்று விட்டது. சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அப்படத்தையும் அதே இடத்தின் பழைய படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரே ஒரு வெண்புள்ளியைக் கண்டார். நாசாவுக்கு எழுதினார். அவர்கள் பின்னர் எடுத்த படங்களோடு சரிபார்த்து, டிசம்பர் 2 அன்று அது விக்ரமின் சிதறல்தான் என்று அவர் பெயர் சொல்லி அறிவித்தார்கள். முதன்மை மோதலிடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது அது.

நண்பர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் புள்ளியைக் கண்டவுடன் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று கொக்கரித்துவிட்டுப் போகவில்லை. ஒப்பிட்டார், கேட்டார், சரிபார்ப்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், இரண்டு மாதம் காத்திருந்தார். கண்டெடுப்பதற்குக் கூரிய கண் போதும். பகிர்வதற்குப் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இல்லாமற்போனதால் நேர்ந்ததை இனிச் சொல்கிறேன்.

என் தவறு

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு. முதலாமாண்டு மாணவனான நான் மாலை முதல் கைபேசியை விட்டு அகலவில்லை. ராடார் படத்தைப் பார்ப்பதும் தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதுமாக இருந்தேன். நான் போடும் படங்களைத் தெருவே எதிர்பார்த்தது. அந்தப் பெருமிதம் என் தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரவு பத்து மணி சுமாருக்கு யாரோ அனுப்பிய காணொலி ஒன்று வந்தது. கரை உடைந்து வெள்ளம் ஒரு கடைத்தெருவுக்குள் பாய்கிறது. "ஏரி உடைந்துவிட்டது, முடிச்சூர் மக்கள் உஷார்" என்று அடியில் எழுதியிருந்தது. நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று என் சொல்லையும் சேர்த்து அனுப்பினேன்.

பக்கத்து வீட்டு ஆயா, மகளையும் பேரக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் உறவினர் வீட்டுக்குக் கிளம்பினார். இருட்டில் கால்வாய் ஓரம் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் காலை அதே காணொலியை மீண்டும் பார்த்தேன். வெள்ளம் புகுந்த கடையின் பெயர்ப்பலகை தெலுங்கில் இருந்தது! ஒருமுறை நிறுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அறுபத்து நான்கு மடங்கை அறிந்தவனுக்கு ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியவில்லை.

ஆயாவைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது: "நீ காலேஜு படிக்கிற புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கெளம்பிட்டேன் கண்ணு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

எங்கள் தெருவில் கல்லூரிப் படி ஏறியவர்கள் சிலரே. அவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அவர்களே அறியாத எடை உண்டு. அந்த எடை நம் அறிவுக்குக் கிடைத்ததன்று. நம் படிப்பின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கைக்குக் கிடைத்தது. அதைக் கடனாகப் பெற்றுச் செலவு செய்கிறோம் என்பதை நாம் மறக்கலாகாது.

2015 வெள்ளத்தின்போதும் இப்படித்தான். முன்னெப்போதும் காணாத பெருமழை வரப்போவதாக நாசா எச்சரித்தது என்றொரு பொய்ச் செய்தி பரவியது. மாமல்லபுரம் அருகே உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றொரு புரளி பரவியது. பண்ணையார் மறுக்க வேண்டியதாயிற்று. அவற்றை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பியிருக்க மாட்டார்கள். என்னைப் போல "நல்லதுக்குத்தானே" என்றுதான் அனுப்பியிருப்பார்கள். கேட்டதை ஆராய்ந்து உண்மை காண்பதே அறிவு என்னும் ஒரே முடிவை வள்ளுவர் மெய்யுணர்தல், அறிவுடைமை என இரண்டு அதிகாரங்களில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை சொன்னால் நாம் கேட்கமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது போலும்!

ஆட்டுக்கல்லும் எவர்சில்வர் டப்பாவும்

அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு விதி செய்துகொண்டோம். எந்த அதிசயத்தையும் பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யார் சொன்னது? எப்போது எடுத்தது? எங்கே எடுத்தது? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அது எங்களுக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். முடிந்தால் நாமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டு. "நம் முன்னோர் ஆட்டுக்கல்லை வாசலில் வைத்து மழையை அளந்தார்கள்" என்ற செய்தி ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. படித்ததும் நெஞ்சு நிமிர்கிறது. உடனே அனுப்பக் கை பரபரக்கிறது. இம்முறை அனுப்பவில்லை. எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லை மொட்டை மாடிக்கு ஏற்ற முடியாததால் முற்றத்திலேயே வைத்து, அதன் அருகில் நேரான பக்கங்கள் கொண்ட எவர்சில்வர் டப்பா ஒன்றையும் வைத்தேன். மழை விட்டதும் இரண்டிலும் அளவுகோலை நட்டேன். ஆட்டுக்கல்லில் நீரின் ஆழம் டப்பாவில் இருந்ததைவிட மிக அதிகம்!

காரணம் எளிது. ஆட்டுக்கல்லின் குழி மேலே அகன்று கீழே குறுகுகிறது. அகன்ற வாயில் விழுந்த நீர் குறுகிய அடியில் சேர்வதால் மட்டம் உயர்ந்து நிற்கிறது. பக்கங்கள் நேராக இருக்கும் கலத்தில்தான், வாய் சிறிதானாலும் பெரிதானாலும், ஆழமே மழையின் அளவாகும். அப்படியானால் முன்னோர் முட்டாள்களா? இல்லவே இல்லை. அவர்களுக்குத் தேவை சென்டிமீட்டர் அன்று. ஏர் பூட்டலாமா என்பதே. "ஒரு உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்று அவர்கள் மண்ணின் ஈரத்தைக் கொண்டு மழையைச் சொன்னார்கள். அதற்குக் கல்லின் நிறைவு ஒரு குறியாக இருந்திருக்கலாம். செய்தியை அப்படியே அனுப்பியிருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது பத்துப் பேரின் கைதட்டல். சோதித்ததால் கிடைத்ததோ ஓர் இயற்பியல் பாடமும், முன்னோர் மீது உண்மையான மரியாதையும்.

நாம் செய்யக் கூடியது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்று ஒரு கல்லூரி நகரம். 1997 ஜூலை 28 இரவு அங்கே பெருவெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தனர். நகரின் ஒரு பக்கத்தில் மழை கொட்டித் தீர்த்திருக்க, சில கிலோமீட்டர் தள்ளி மிகக் குறைவாகவே பெய்திருந்தது. மழைமானிகள் போதுமான அளவு இல்லாததால் அவ்வேறுபாடு உடனடியாகத் தெரியவில்லை. நோலன் டோஸ்கன் என்ற அந்நகரத்து வானிலை அறிஞர் மறு ஆண்டே ஒரு வேலை செய்தார். சாதாரண மக்களிடம் எளிய மழைமானிகளைக் கொடுத்து, தினமும் காலையில் அளந்து அனுப்பச் சொன்னார். "கோகோராஸ்" என்ற அந்த அமைப்பு இன்று அந்நாடு முழுவதும் பரவி, பல்லாயிரம் தொண்டர்களின் அளவுகளைச் சேர்த்து வருகிறது. மழைப் பைத்தியங்களை ஒன்று திரட்டினால் அவர்களே ஒரு மாபெரும் கருவியாகிவிடுகிறார்கள்!

நம் கல்லூரிக்கு மாணவர்கள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள்! முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென். ஊருக்கு ஒருவர் காலை 8.30 மணிக்கு மழையை அளந்து எழுதினால், தாம்பரம் வட்டாரத்தின் மழைப் படம் நம் கைகளாலேயே உருவாகிவிடும். மேலே ஆதனூர்ப் பக்கம் எவ்வளவு பெய்தது என்பது கீழே முடிச்சூரில் உள்ளவருக்குத் தெரியும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கலம், ஓர் அளவுகோல், மரமும் சுவரும் மறைக்காத ஓர் இடம், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். இயற்பியல் துறையும் புவியியல் ஆர்வமுள்ள ஆசிரியர்களும் மனம் வைத்தால் வரும் பருவமழைக்குள் தொடங்கிவிடலாம்.

"வானிலையைச் சொல்வது வல்லுநர் வேலை, மாணவர்களுக்கு ஏன் இந்த வம்பு?" என்று சிலர் கேட்கக்கூடும். அபாய எச்சரிக்கை விடுப்பது வானிலைத் துறையின் பொறுப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையும் இல்லை, திறனும் இல்லை. ஒரு முறிந்த மணிக்கட்டு எனக்கு அதைக் கற்பித்தது. ஆனால் எச்சரிப்பது வேறு, அளப்பது வேறு. நாளை என்ன நடக்கும் என்று சொல்லத் துணிய வேண்டாம். நேற்று என்ன நடந்தது என்று நேர்மையாக எழுதி வைக்க யாரும் நமக்குத் தடை சொல்லப் போவதில்லை.

"படிப்பு கெடும்" என்பார்கள் வேறு சிலர். தேர்வுக்கு முதல்நாள் ராடார் பார்த்து ஒரு தாளில் நானும் கெட்டிருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிடித்ததைத் தேடுகையில் படித்த இயற்பியல்தான் என்னிடம் நிலைத்து நிற்கிறது. மனப்பாடம் செய்தது விடைத்தாளோடு போய்விட்டது.

ஆகவே நண்பர்களே, பைத்தியமாக இருங்கள்! மழைக்கோ, விண்மீனுக்கோ, கல்வெட்டுக்கோ, பறவைக்கோ, எதற்கேனும் பைத்தியமாக இருங்கள். கண்டெடுத்த அதிசயத்தைத் தனியே வைத்துப் பூட்டாதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆனால் காட்டுவதற்கு முன் பெயர்ப்பலகையைப் படித்துவிடுங்கள்.

ஆயாவின் கை இப்போது கூடிவிட்டது. சென்ற ஐப்பசியில் எங்கள் முற்றத்து டப்பாவை அவர்தான் கவனித்துக்கொண்டார். நான் கல்லூரிக்கு அவசரமாகக் கிளம்பும் காலைகளில், அளவுகோலைத் தம் கையால் நட்டு, "இன்னிக்கு மூணு கோடு ஏறியிருக்கு, எழுதிக்கோ கண்ணு" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பார். நான் எழுதிக்கொள்வேன். எங்கள் மழைப் பைத்தியக் கூட்டத்தில் இப்போது ஏழு பேர்.